ஐந்தாவது நாற்காலி

கோவையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி, புதிதாக வந்த பேய் நாவல்களைத் திட்டுவோம். இப்போதைய மின்னூல் கருவி, வாசிக்கிறவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அதையே முடிவாக எழுதித் தருகிறது. அதனால், "உங்க பிரதியில செத்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயே ஊற்றுவோம். போன முறை ஜெனிபருக்கு அவளுடைய பூனை செத்தது. அன்சாரி பாய்க்கு அவருடைய பழைய ஸ்கூட்டர்.

இந்த வாரம் பாய் டீ கெட்டிலைத் தொடவே இல்லை.

"மறுபடி ஸ்கூட்டரா பாய்?" என்றேன்.

"இல்லீங்க. மொக்கை ஜோக் சொல்ற ஒரு வழுக்கைத் தலை."

"எனக்கும் அதே ஆள்தான், அங்கிள்," என்றாள் ஜெனிபர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அந்த மாடியில் வழுக்கை எனக்கு மட்டும்தான்.

"என் ஜோக்கைத் தாங்க முடியாம கருவியே கொன்னுருச்சு போல," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னபோது என் கூட இருந்தது, சட்டைப் பையில் கிடந்த கருவி மட்டும்தான். எங்கள் ஐந்து பேர் கருவியும் ஒரே கணக்கில் இணைந்தவை.

"உங்க பிரதியில யாருங்க?" என்றார் பாய், டீயை ஊற்றாமல்.

"யாரும் சாகலைங்க."

பொய்யில்லை. என் கடைசி அத்தியாயத்தில் நான்கு பேர் மொட்டை மாடியில் டீ குடிக்கிறார்கள். ஐந்தாவது நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். யாரோ ஒரு நல்ல ஜோக் சொல்கிறார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.