கூரை இருந்தால் அந்தப் பக்கம்

ஏரிக்கரை வண்டி நிறுத்தத்தின் நடுவே கார்த் ஓர் ஆரஞ்சுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கம் கூரை மடங்கும் கார்கள், அந்தப் பக்கம் மடங்காதவை. இருபுறமும் அதே மூக்கு, அதே விளக்கு, அதே என்ஜின். அமெரிக்காவின் டுலூத் நகரத்து அக்டோபர் வெயில் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரிதான் வழுக்கி ஓடுகிறது. இந்தக் கார்ப் பிரியர்கள் சங்கத்தைத் தொடங்கிய ரோண்டா, ஆறிப்போன காபியோடு தன் காரில் சாய்ந்து நிற்கிறாள். "கூரைய விட்டா என்னப்பா வித்தியாசம்? இதுக்கு ரெண்டு சங்கமா?" என்கிறாள். "மூஞ்சில காத்து வாங்காதவனுக்கு எங்க ரசனை புரியாது," என்கிறான் கார்த். அவன் மச்சான் எம்மெட் கயிற்றுக்கு அப்பாலிருந்து சிரிக்கிறான். "மழை வந்தா அந்த ரசனை என் கார்லதானே ஏறி ஒக்காருது!"

அப்போது ஒரு வெள்ளி நிறக் கார் தயங்கித் தயங்கி நுழைகிறது. இப்போதுதான் கழுவியது போல. கண்ணாடியோரம் இன்னும் நீர் சொட்டுகிறது. கூரை மூடியிருக்கிறது; மடங்குவதா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. ஓட்டி வந்த பெண் ஆசையாகக் கையசைக்கிறாள். மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். "இங்க வாம்மா!" "அவன் பேச்ச கேக்காத, அது எங்க பக்கத்து வண்டி!" கயிற்றையும் அவர்களையும் மாறி மாறிப் பார்க்கும் அவள் முகத்தில் சிரிப்பு சுருங்குகிறது. கார் பின்வாங்கித் திரும்புகிறது. "அட, போதும்டா சாமி!" காபியைப் புல்லில் கொட்டிவிட்டு ரோண்டா காரைக் கிளப்புகிறாள். வாசல் சிக்னலில் வெள்ளிக் காரை எட்டிப் பிடித்து, ஏரிக்காற்றின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்துகிறாள். "ஏம்மா, பேன்கேக் சாப்பிட வர்றியா?"