படத்தில் ஒரு தப்பு

"படத்தைப் படமா மட்டும் பாருங்க டீச்சர். அது பேசுத அரசியலுக்கெல்லாம் மார்க் போட முடியாது" என்றார் பாண்டியராஜ்.

"அதையேதான் நானும் சொல்லுதேன் அண்ணாச்சி. அரசியல் பிடிக்கலேங்கதுக்காக மார்க்கைக் குறைக்கவும் கூடாதுல்லா?" என்றாள் சுகந்தி.

விளக்கம் கேட்கக் கூப்பிட்டிருந்ததால், படத்தை எடுத்த ஜோஷ்வாவும் இருவருக்கும் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தான். குற்றாலத்தில் பாண்டியராஜின் லாட்ஜ் மாடி அது. வெளியே சாரலும் சீசன் கூட்டத்தின் இரைச்சலும். தென்காசிக் குறும்படப் போட்டிக்கு இந்த இரண்டு பேர்தான் நடுவர்கள். சுகந்தி கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். பாண்டியராஜ் விழாச் செலவை ஏற்றுக்கொண்டவர். சினிமா என்று பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

படம் ஜோஷ்வாவின் தங்கை ஜெனியைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தான். மாற்றி என்ன, அவர்கள் ஊரான இலஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கப் போனவள் வழுக்கி விழுந்து செத்தாள் என்று மூன்று வருடத்துக்கு முன்பே வழக்கை முடித்துவிட்டார்கள். இல்லை, வேறு சாதிப் பையனைக் காதலித்ததற்காக அந்தப் பையன் வீட்டு ஆட்கள் அவளை அடித்துக் கொன்றுவிட்டு, குளிக்கப் போனவள் போலத் தெரிய எண்ணெயைத் தேய்த்துத் தண்ணீரில் போட்டார்கள் என்றது படம். அந்தப் பையன் யார் என்று ஜோஷ்வாவுக்கே தெரியாது. அதைச் சொல்லாமலே ஜெனி போய்விட்டாள்.

முதல் பரிசு வாங்கும் படத்தை விழாவில் பெரிய திரையில் காட்டுவார்கள். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தராவது மனம் இரங்கி வழக்கைத் திரும்ப எடுக்கமாட்டாரா? அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கோப்பையை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

"போன வருசம் குளத்துல மண் அள்ளுதது பத்தி ஒரு படம் வந்துது. காமிரா கடைசி வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்துது. 'கருத்துதான் முக்கியம்'னு நீங்கதான் பரிசு குடுத்திய. உங்களுக்குப் பிடிச்சா அது கருத்து, பிடிக்கலன்னா அரசியலா?" சுகந்தி விடுவதாக இல்லை.

பாண்டியராஜின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குச் சாதியெல்லாம் கிடையாது டீச்சர். என் லாட்ஜுல எல்லாச் சாதிக்காரனும்தான் தங்குதான்."

"அப்ப இதுக்கு ஏன் இவ்வளவு குறைச்சுப் போட்டிருக்கிய? பாத்தவங்க எல்லாரும் அழுதாங்க. துபாயில இருக்க உங்க மகன்கூட லிங்க்குல பாத்துட்டுச் சாப்பிடாமக் கெடந்தான்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே."

"அவன் கிடக்கான் கிறுக்கன். எதுக்கெடுத்தாலும் அழுவான்."

ஜோஷ்வாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் எந்தக் கட்சியிலயும் இல்ல அண்ணாச்சி. நடந்ததைத்தான் எடுத்தேன்."

"நடந்ததை நீ கண்ணால பாத்தியால?"

"பாக்கல."

"பொறகு எப்படி நடந்ததுன்னு சொல்லுத? எல்லாம் ஒன் கற்பனை."

ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். யாரிடம் போனாலும் கடைசியில் இந்த ஒரு கேள்விதான் அவன் வாயை அடைத்துவிடுகிறது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கற்பனைன்னே வச்சுக்கிடுவோம்" என்றாள் சுகந்தி. "அரசியலை அங்கன ஓரமா வைங்க அண்ணாச்சி. சினிமாவா மட்டும் பாத்து ஒரே ஒரு தப்புச் சொல்லுங்க. நான் வாயை மூடிக்கிடுதேன்."

"வசனம் பாதி கேக்கவே இல்ல."

"அருவிக்கரையில எடுத்தா அப்படித்தான் இருக்கும். வேற?"

பாண்டியராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"கொன்ன பொறகு அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கான்லா, அதைப் பாருங்க. ஆற அமர உக்காந்து சடையை அவுக்கான். முடியை விரிச்சு விடுதான். பொறகு தேய்க்கான். ஒரு உசிரை எடுத்துட்டு நடுங்கிக்கிட்டு நிக்கவனுக்கு அதெல்லாம் ஓடுமா டீச்சர்? எண்ணெய் தேய்க்கதுன்னா முதல்ல சடையை அவுக்கணும்னு பொம்பளைக்குத் தெரியும், ஆம்பளைக்கு எங்க தெரியும்? சடை சடையாவேதான் கிடக்கும். அது மேலயே எண்ணெயைக் கவுத்தியிருப்பான். நுனியில மாட்டுன மஞ்ச ரப்பர் பேண்டுகூட அப்படியே இருக்கும். அப்படி எடுத்திருந்தாம்னா அது சினிமா!"

சுகந்தி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நான் ஒரு பொம்பளை, எனக்கே இது தோணல பாருங்க. நீங்க சொல்லுதது அரசியல் இல்ல, சினிமாதான். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்." ஜோஷ்வா பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, முடியை அவுத்துப் போட்ட மாதிரி எடுத்தே?"

ஜோஷ்வா பாண்டியராஜின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல எல்லாரும் அவளை அப்படித்தான் டீச்சர் பாத்தாங்க" என்றான் கடைசியில்.

உண்மைதான், ஊரார் ஓடி வந்தபோது ஜெனியின் முடி அவிழ்ந்துதான் கிடந்தது. அவர்கள் வருவதற்குள், பாறை இடுக்கிலிருந்து அவளைத் தூக்கி மடியில் போட்டு, தலையில் காயம் எங்கே என்று தேடி, அந்த மஞ்சள் ரப்பர் பேண்டை உருவிச் சடையை அவிழ்த்தவன் ஜோஷ்வாதான். தடயத்தைக் கலைத்தவன் என்று தன் மேலேயே பழி விழுமோ என்ற பயத்தில் அதை அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.