கடைசிப் படம்

“இதெல்லாம் ஒரு படமா? பத்து நிமிஷமா ஒருத்தன் ஜன்னலையே பார்த்துட்டு நிக்கிறான். கேமராவை நிறுத்த மறந்துட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க போல!”

மருத்துவமனைக் காத்திருப்பு அறையின் டிவியைப் பார்த்து, தலை நரைத்த பெண்மணி பொரிந்து தள்ளினாள். அதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பிரபல இயக்குநரின் கடைசிப் படம்.

எதிர் நாற்காலியில் இருந்த இளையவளுக்குச் சுருக்கென்றது. “அவன் மனசுல ஓடுறதெல்லாம் அந்த நிற்பிலேயே தெரியுது. ரசிக்கத் தெரியணும்.”

“எனக்கா தெரியாது? அவரோட முதல் எட்டுப் படத்துல ஒரு வசனம் சோடை போயிருக்கா? அப்புறம்தான் கூடாத சேர்க்கை. சரக்கு தீர்ந்துபோச்சு.”

“அந்த எட்டும் வெறும் அழுகாச்சி. நச்சரிப்புலேர்ந்து தப்பிச்ச பிறகுதான் மனுஷன் நிம்மதியா படம் எடுத்தார்.”

“வாயை அளந்து பேசு!”

“முதல்ல நீங்க அளங்க!”

கதவு திறந்தது. “டைரக்டர் சாரோட மனைவி யாரு?” என்றாள் நர்ஸ்.

“நான்தான்!” இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

நர்ஸ் திருதிருவென விழித்தாள். “உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா இனிமே கை கால் வராது. ஊட்டிவிடணும், குளிப்பாட்டணும், ராத்திரி பகலா கூடவே இருக்கணும். யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

டிவியில் அவன் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூத்தவள் மெல்ல உட்கார்ந்தாள். “நீ சொன்னதுதான் சரிம்மா. உன்கூட இருந்தப்ப எடுத்த படங்கள்தான் உசத்தி.”

இளையவளும் உட்கார்ந்தாள். “ஐயோ, இல்லக்கா! உங்க காலத்துப் படங்களுக்கு ஈடாகுமா?”