மீதிப் புத்தகம்

மோட்டார் விற்பனைக்காரர் எந்தப் புத்தகத்தையும் முழுசாக வைத்திருந்ததில்லை. படித்த தாளைக் கிழித்து பஸ் ஜன்னல் வழியே பறக்கவிட்டுவிடுவார். பையின் கனம் குறையுமாம். அந்த மலையடிக் கிராமத்தில் லாட்ஜ் ஏது? தையல்காரர் வீட்டில் தங்கினார். சாப்பிட்டு முடித்ததும் தையல்காரர், "படிக்க ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்க, அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"நாவல் ஒண்ணு இருக்கு. ஆனா முதல் நூத்தி நாப்பத்தி நாலு பக்கம் இல்லீங்க."

"அட, அது எங்கிட்ட இருக்கே!"

தையல் மெஷினுக்கு அடியிலிருந்து, நூலால் தைத்த ஒரு கட்டு வந்தது. "காத்துல வந்து வேலியில மாட்டும். வீணாப் போகுதேன்னு தைச்சு வெச்சேன்."

அவருடைய கிழிசல்தான். அவருடைய டீக்கறைதான். ஊர் ஊராக எறிந்த தாள்கள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. புரட்டிக்கொண்டே போனார். கட்டின் கடைசிப் பக்கம் நூற்று அறுபது.

பையிலிருந்த தன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அது நூற்று நாற்பத்தைந்தில் தொடங்கியது. நூற்று அறுபது இன்னும் கிழிபடாமல் அதில் இருந்தது.

"மிச்சமும் கெடைச்சிருச்சுங்க," என்றாள் தையல்காரரின் மனைவி. "காலைல துணி துவைக்கப் போனப்போ ஆத்துல ஒதுங்கிக் கெடந்துச்சு."

கொடியில், சட்டைகளுக்கு நடுவே, மீதிப் புத்தகம் பின்னட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

தையல்காரர் ஊசியில் நூல் கோத்தார்.

"ஆத்துப் பாலம் வழியா ஒரே பஸ்தான் சார். காலைல விட்டுடாதீங்க."