நான் அழித்த வரி

அந்த வரியை நான் அழித்தபோது அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். வேங்கிக்காலில், ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் ஜெராக்ஸ் கடை முன்னால் ஆதார் அட்டையும் பட்டா நகலுமாகப் பத்துப் பேர். மற்ற நாட்களில் அப்பா ஒருவரே சமாளித்துவிடுவார். திங்கட்கிழமை மட்டும் அம்மாவும் வேண்டும். அதனால் அன்று அவள் கல்லூரிக்கு வரமாட்டாள்.

ஆமாம், அம்மாவும் கல்லூரியில்தான் படிக்கிறாள். என் வகுப்பில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பி.ஏ. தமிழுக்கு எனக்கு விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில், "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கை நீட்டினாள். வயது பார்க்காத தனியார் கல்லூரி. கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான்தான் அதிகம் சிரித்தேன்.

முதல் வருடமே என் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் அவள் சுனந்தாக்கா. நான் சுனந்தாக்கா பொண்ணு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த வருடம் படைப்பிலக்கியம் என்று ஒரு பாடம் வந்தது. ஆளுக்கொரு கதை எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்பிலிருந்து கதை எழுதுகிறவள் நான். நான்கு நோட்டுகள் வைத்திருக்கிறேன். அம்மா அதுவரை வகுப்பு நோட்டையும் வீட்டுக்குக் காய்கறிப் பட்டியலையும் தவிர எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை.

என் கதையின் கீழே மணிவேல் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'மொழி அழகு. கதை எங்கே?'

அம்மாவின் கதையை அவர் வகுப்பில் சத்தமாகப் படித்தார்.

வேலைக்குப் போகும் ஒரு பெண். வீட்டில் படுத்த படுக்கையாக அவளுடைய அப்பா. அவ்வளவுதான் கதை. ஒருநாள் காலையில் அவள் கிளம்பும்போது அந்தக் கிழவர் சொல்கிறார்: "உன்ன ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டுல வெச்சிட்டுப் போம்மா."

சார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு கடைசி பெஞ்சு வேடியப்பன் கைதட்டினான். அவன் எதற்கும் கைதட்டுகிறவன் இல்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை எனக்கே வலிக்கிற மாதிரி தட்டினேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான சிறுகதைப் போட்டிக்குத் துறைக்கு ஒரு கதை அனுப்பலாம். ஜெயித்தால் புத்தகத்தில் வரும். சார் அம்மாவின் கதையைத் தேர்ந்தெடுத்தார்.

அம்மாவுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிதான் கதை அனுப்பக் கடைசி நேரம். நானும் லீவு போட்டுவிட்டு, கடையின் உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து என் போனில் அடித்தேன்.

அடிக்க அடிக்கத்தான் தெரிந்தது. ஒரு சொல்கூட வீணில்லை. எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

அந்த வரி வந்தது. அடித்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"ஆச்சும்மா. ஒரு தடவ பாத்துடு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். வெளியே ஒருவர், டோக்கன் கூப்பிடுறாங்க, சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்தினார். அவள் நிமிரவில்லை.

அந்த இடத்தில் விரல் நின்றது. மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

விட்டுப்போச்சு என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"அந்த ஜெராக்ஸ் வரிய எடுத்துட்டியா?"

நான் அவள் எழுதிய தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"புடிக்கலன்னா வேணாம், சுருதி. உன்னக் கேக்காம போட்டது என் தப்புதான். நீ சொன்னதாச்சே."

எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணாவது படிக்கிறப்ப. அப்ப நமக்குக் கடை ஏது? பஸ் ஸ்டாண்டுகிட்ட இன்னொருத்தர் கடையில நான் மெஷின் ஓட்டிக்கிட்டு இருந்தேன். உனக்கு நல்ல ஜுரம். நான் கிளம்புறப்ப முந்தானையப் புடிச்சிக்கிட்டு இதையேதான் சொன்ன." கண்ணாடியைக் கழற்றினாள். "அன்னிக்கும் நான் போயிட்டேன்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பினாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஜுரம் நினைவில்லை. முந்தானை நினைவில்லை. சொன்னதும் நினைவில்லை.

நான்கு நோட்டுகளில் ஒரு வரிகூட அப்படி இல்லை. ஆறு வயதில் சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். அவள் பதினான்கு வருடம் அதைக் கூடவே வைத்திருந்திருக்கிறாள். கதையில் கிழவரின் வாயில் வைத்தபோதும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவர் மகளைக் கூப்பிடும் அந்த 'ம்மா', நான் அவளைக் கூப்பிட்ட 'ம்மா'.

வரியைத் திரும்ப அடித்தேன். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அனுப்பினேன்.

அதுவரை எனக்கு இருந்தது அவளுக்குக் கிடைத்த கைதட்டலின் மேல் பொறாமை.

அவள் மேல் பொறாமை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னும் போகவில்லை.