இரண்டு மணிச் சங்கு

நெய்வேலி பிளாக் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்யும் ஜெயப்பிரகாஷ், ஊரே செல்போனில் மணி பார்க்கும்போதும் சாவி கொடுக்கிற வாட்ச்தான் கட்டுவார். அதே போல ஒன்றைப் பட்டம்மாள் கொண்டுவந்தாள். போன தை மாதம் இறந்த அவள் கணவருடையது.

“சாவியே குடுக்க முடியலீங்க. எப்பப் பாத்தாலும் முழுசா ஏறிக்கினு நிக்குது.”

“யாரு குடுக்கறாங்க?”

“யாருமில்லீங்க, பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். அவருதான் இருந்தவரைக்கும் சுரங்கத்துல ரெண்டு மணி சங்கு ஊதுனா சாவி குடுத்துட்டு ஷிப்ட் பஸ் ஏறுவாரு.”

உள்ளே ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று நினைத்துக் கழற்றினார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஏறியிருந்த ஸ்பிரிங்கை முழுசாகத் தளர்த்தி, எண்ணெய் தொட்டுப் பூட்டி, சாவி கொடுக்காமலே டப்பாவில் வைத்தார். மறுநாள் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் டப்பாவுக்குள் கிர், கிர் என்றது. இருபத்திரண்டு தடவை. எடுத்துப் பார்த்தால் சாவி முழுசாக ஏறியிருந்தது.

அன்று வாங்கிவைத்த டீயை அவர் தொடவில்லை. ஸ்பிரிங்கையே கழற்றித் தனியாக எடுத்து வைத்தார். இனி எதை முறுக்க முடியும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அடுத்த நாளும் சங்கு ஊதியது. டப்பாவுக்குள் ஒரே ஒரு முறை கிர் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் கிர் என்றது. பிறகு இன்னொரு கிர். காலையில்தான் அதற்கு முழுசாகச் சாவி கொடுத்திருந்தார். அவசரமாகப் பட்டையை அவிழ்க்கப் போனார்.

மணிக்கட்டை யாரோ அசையாமல் பிடித்துக்கொண்டார்கள்.