பயனாளர்கள் கவனத்திற்கு

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தணிகாசலம் தம் கையாலேயே செய்த ஆளுயர வீடியோ கேம் பெட்டியில் ஒரே ஒரு கோளாறுதான். குமிழை வலப்பக்கம் திருகினால் திரையில் பந்தைத் தடுக்கும் மட்டை இடப்பக்கம் ஓடியது. முப்பத்தைந்து வருஷம் பிறருக்கு மெமோ கொடுத்தவர் தம் தவறையா தேடுவார்? ‘பயனாளர்கள் கவனத்திற்கு: இடப்பக்கம் செல்ல வலப்பக்கம் திருகவும்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார். நாளடைவில் கையும் பழகிவிட்டது.

அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் வானதி நான்கு வருஷம் கழித்து வந்தாள். ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

“ரெண்டு வயரு மாறியிருக்குப்பா.”

“எனக்கேவா? உனக்குத் திருகத் தெரியல.”

அவர் காபி போட்டு எடுத்து வருவதற்குள் அவள் வயர்களை மாற்றிப் பூட்டியிருந்தாள். மாற்றியதைச் சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் ஆடினார். பந்து விழுந்தது. மறுபடி விழுந்தது. போன் அடித்தது.

“அப்பா, இப்ப சரியா ஓடுதா? ஞாயித்துக்கிழமை பாப்பாவக் கூட்டிட்டு வரட்டா?”

“நீ கை வச்சதுலேருந்து கெட்டுப்போச்சு.”

போனைக் காதில் வைத்தபடியே, மூலை பெயர்ந்திருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.